சொல்லாமல் வாங்கிய யமஹா

ஒரு பழைய மோட்டார்சைக்கிளின் மதிப்பு எனக்குத் தெரியும். விற்றவருக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்லாமல் வாங்கினேன். ஒப்புக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் அதுவும் ஒரு நழுவல்தான். எனக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது, அந்த அறிவை எந்த இடத்தில் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது வாக்குமூலம்.

திருப்பனந்தாளில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியார். முன்பு மாடு கட்டியிருந்த கொல்லைக் கொட்டகையில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. மைசூரில் செய்த எஸ்டி ரோட்கிங் ஒன்று, ஓசூரில் செய்த சுசுகி ஒன்று, திருவொற்றியூர் புல்லட் ஒன்று, சுவரோரமாகச் சிவப்பு யமஹா ஆர்.எக்ஸ். 100. கும்பகோணத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பையன்கள் பார்க்க வருவார்கள்; படம் எடுத்துக்கொண்டு போவார்கள். "சார் ஒரு மியூசியமே வெச்சிருக்கார்" என்று சொல்லும்போது மறுத்ததில்லை. அந்தச் சிவப்பு யமஹாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பார்க்க வருகிற பெரியவர்கள் கேட்பது வேறு. "நேத்து வரைக்கும் தெருவுல ஓடுன வண்டிதானே சார், இதைப் போயா சேக்குறீங்க?" நியாயமான கேள்விதான். வெள்ளைக்காரன் காலத்து நார்ட்டன், பி.எஸ்.ஏ. என்றால் சொல்லாமலே புரிகிறது. மாமாவும் சித்தப்பாவும் ஓட்டிய வண்டிக்கு என்ன பெருமை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் நிபுணன் ஆனேன். நிபுணன் ஆனபிறகுதான் தப்பும் செய்தேன்.

1980களின் தொடக்கம் வரை நம் சாலையில் மோட்டார்சைக்கிள் என்றால் புல்லட், ராஜ்தூத், எஸ்டி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். அப்போது மத்திய அரசு, 100 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளில் வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டுச் சேர அனுமதி தந்தது. கதவு திறந்ததும் ஜப்பான்காரர்கள் நான்கு பேரும் வந்து இறங்கினார்கள். 1984-ல் டி.வி.எஸ். கூட்டில் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டுக் கடைசியில் எஸ்கார்ட்ஸ் கூட்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100, அவற்றைத் தொடர்ந்து கவாசாகி பஜாஜ். நாட்டின் இருசக்கர வரலாறு அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பியது. அந்தத் திருப்பத்தில் பிறந்த வண்டி என்பது ஆர்.எக்ஸ்ஸின் முதல் தகுதி.

ஆனால் நான்கும் அதே திருப்பத்தில் பிறந்தவைதானே, ஏன் யமஹா மட்டும்? விற்பனையில் ஜெயித்தது ஹோண்டா. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோல் குடிக்காது, புகை கக்காது. குடும்பஸ்தனுக்கு ஏற்ற வண்டி. அதை வாங்கியவர்கள் ஓட்டி ஓட்டித் தேய்த்து, கடைசியில் எடைக்குப் போட்டார்கள். யாரும் கண் கலங்கவில்லை. ஆர்.எக்ஸ். இரண்டு ஸ்ட்ரோக். கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிப்பு; நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன். அதே அளவு ஹோண்டாவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. முறுக்கினால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். போலீஸும் அதை விரும்பியது, சங்கிலி பறித்தவனும் அதையே விரும்பினான். டெல்டாவில் நேரத்தோடு பந்தயம் கட்டிப் பிழைத்தவர்கள், பால்காரர், பூக்காரர், மீன்காரர், அதை வாங்கினார்கள். புகைக் கட்டுப்பாடு இறுக இறுக இரண்டு ஸ்ட்ரோக்குக்கு மூச்சு முட்டியது. 1996-ல் ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி நின்றது.

நின்றுபோனது என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. லட்சக்கணக்கில் ஓடிய வண்டி அரிதாவது எப்படி? நான் புரிந்துகொண்ட முதல் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஆர்.எக்ஸ்ஸை விரும்பியவர்கள்தான் அதை அழித்தவர்கள். சிலிண்டர் போரைக் கடைந்தார்கள், சைலன்சரை அறுத்தார்கள், டேங்கை மாற்றினார்கள், ஹேண்டில்பாரைக் குட்டையாக்கினார்கள். ஆகவே ஆர்.எக்ஸ். ஏராளம், தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் ஆர்.எக்ஸ். சொற்பம். அதிலும் தொடக்க கால வண்டிகளில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்கள் இருக்கும். எஞ்சின் உறையிலும் கார்பரேட்டரிலும் மேட் இன் ஜப்பான் என்ற முத்திரையைத் தேடித்தான் சேகரிப்பவர்கள் டார்ச்சோடு குனிகிறார்கள்.

உலகம் முழுக்க இதே கணக்குதான். 1969-ல் ஹோண்டா சி.பி. 750 வந்தபோது அவ்வளவு பெரிய நாலு சிலிண்டர் வண்டி விற்குமா என்று ஹோண்டாவுக்கே சந்தேகம். பெரிய அச்சுகளில் பணத்தைக் கொட்டாமல் எளிய அச்சில் எஞ்சின் உறைகளை வார்த்தார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனதும் அச்சை மாற்றினார்கள். சொரசொரப்பான உறையோடு வந்த அந்த முதல் ஏழாயிரத்துச் சொச்சம் வண்டிகளுக்குத்தான் இன்றைக்கு ஏலத்தில் போட்டி. நம் ஊரிலும் எஸ்கார்ட்ஸ் 1983-ல் கொண்டுவந்த ராஜ்தூத் 350 இருக்கிறது. இரட்டை சிலிண்டர், அன்றைய இந்தியாவுக்கு அதிகப்படியான வேகம், அதற்கேற்ற பெட்ரோல் செலவு. வாங்க ஆளில்லாமல் அந்தப் பத்தாண்டோடு மங்கிப்போனது. அதிலேயே ஹை டார்க் என்று சொல்லப்படும் முந்தைய வகைக்கு ஒரு விலை, திறன் குறைத்து வந்த லோ டார்க்குக்கு வேறு விலை. தோற்ற வண்டிக்கும் தயங்கித் தயங்கிச் செய்த வண்டிக்கும் பிற்காலத்தில் மவுசு கூடுவது இப்படித்தான்.

சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். 20,000 ரூபாய் கட்டணம், தனி வரிசை எண். ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் எடுத்துப் போகலாம், தினசரி ஓட்ட முடியாது. முதல் ஆர்.எக்ஸ். அந்த வயதைத் தொட 2035 ஆக வேண்டும். அதுவரை அது 15 ஆண்டு கடந்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வெறும் பழைய வண்டிதான். பழையது என்று மற்றவர்கள் நினைக்கும்போதே அரியது என்று தெரிந்து வைத்திருப்பவன் லாபம் பார்ப்பது இந்த இடைவெளியில்தான். நான் நின்றுகொண்டிருந்ததும் அங்கேதான்.

2016-ஐ டெல்டாவில் யாரும் மறக்கமாட்டார்கள். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். குறுவை போனது. சம்பாவுக்கு மழை வரும் என்று விதைவிட்டவர்களை வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் 62 சதவீதம் குறைவு. நடுவில் நவம்பர் 8-ல் நோட்டுச் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. செல்லாத நோட்டை மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் வாங்கக்கூடாது என்று ஒரு வாரத்திலேயே உத்தரவும் வந்தது. விவசாயியின் வரவு செலவெல்லாம் அந்த வங்கிகளை நம்பியிருந்த சொசைட்டிகளில்தானே? 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. மண்ணியாற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தை மாதம்தான் எங்கள் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் தன் யமஹாவை விற்கப்போகிறார் என்று பஞ்சர்க் கடையில் காதில் விழுந்தது. ஊரையும் பேரையும் சொல்லப்போவதில்லை. அவருடைய மகன் என்னிடம் படித்தவன். வண்டியை நான் பல வருடமாகக் கவனித்து வந்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் வாங்கியது. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண். பின்னால் இரும்புப் பட்டையில் கேரியர் அடித்து, இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டி, விடிவதற்கு முன்பே சொசைட்டிக்குப் போய்விடுவார். அந்தச் சத்தத்தை வைத்து மணி சொல்லலாம் என்பார்கள். போரைக் கடையவில்லை, சைலன்சரை அறுக்கவில்லை. பால் கொண்டுபோகிறவருக்கு அந்த ஆசையெல்லாம் ஏது? சேகரிப்பவன் கனவில் வரும் வண்டி அது. "என்றைக்காவது விற்பார்" என்று நான் காத்திருந்தேன். அவருக்குக் கஷ்டம் வரட்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் கஷ்டம் வராமல் அவர் விற்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 35,000 ரூபாய் எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தொகையை நான் எதேச்சையாகத் தீர்மானிக்கவில்லை. அப்போதைய சந்தையில் அப்படி ஒரு வண்டிக்கு நாற்பதாயிரம் கொடுத்தாலும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். 35 வரை போகலாம் என்று முடிவு செய்துதான் பணம் புரட்டினேன்.

திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பேச்சு நேராக வண்டிக்கு வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வராதது, மாடு இரண்டை விற்றது, தீவனம் விற்கிற விலை. மாடு போனபிறகு பால் வண்டி எதற்கு என்பது அவர் கணக்கு. விதைநெல்லை எடுத்து விற்பது மாதிரிதான் அது. கடைசியில் நான் கேட்டேன். "எவ்வளவு எதிர்பாக்குறீங்க, ஐயா?"

"எனக்கென்ன சார் தெரியும்? பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேக்குறான். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வண்டியைச் சுற்றி வந்தேன். குனிந்து எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பார்த்தேன். கார்பரேட்டரில் ஜப்பான் முத்திரை இருந்தது. நெஞ்சு படபடத்தது. முகத்தில் அதைக் காட்டவில்லை. பிறகு வாயைத் திறந்து சொன்னேன். "டூ ஸ்ட்ரோக் வண்டி ஐயா. கம்பெனி நிறுத்தி இருபது வருஷம் ஆச்சு. ஒரிஜினல் ஸ்பேர் கிடைக்கிறது கஷ்டம். போர் தேஞ்சிருக்கு, புகை தள்ளுது. ஆர்.சி.யும் புதுப்பிக்கணும்."

ஒன்றுகூடப் பொய் இல்லை. இதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துவது. பொய் சொல்லியிருந்தால் பொய்யன் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு முடித்திருக்கலாம். நான் உண்மைகளில் பாதியைப் பொறுக்கி எடுத்து வைத்தேன். நிறுத்திய வண்டி என்று சொன்னேன். நிறுத்தியதால்தான் விலை என்று சொல்லவில்லை. ஸ்பேர் கிடைக்காது என்று சொன்னேன். அவர் வண்டியில் அந்த ஸ்பேரெல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொல்லவில்லை. வகுப்பில் பாதிப் பதிலுக்குப் பாதி மதிப்பெண் போடுகிறவன் நான்.

"ஒன்பதாயிரம் தரலாம், ஐயா."

அவர் யோசிக்கக்கூட இல்லை. "வாத்தியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த நொடியில் திருத்திக்கொள்ள இடம் இருந்தது. "பத்தாயிரமே வெச்சுக்கோங்க" என்று சொன்னேன். ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. ஐந்து இரண்டாயிரம் நோட்டுகள். இதைச் சில்லறை மாற்றுவதே பெரும்பாடு என்று அவர் சிரித்தார். மீதி 25,000 என் சட்டைப் பையில் இருந்தது.

அடுத்த தப்பு காகிதத்தில் செய்தது. வண்டியை வாங்கியவன் பெயர் மாற்ற வேண்டும்; படிவம் 29, படிவம் 30, இரண்டு கையெழுத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு நாள். கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். படிவங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சோம்பல் இல்லை, கணக்கு. சேகரிப்பவர்கள் நடுவில் முதல் ஓனர் ஆர்.சி.க்குத் தனி விலை உண்டு. என் பெயருக்கு மாற்றினால் அது இரண்டாம் ஓனர் வண்டி. என்றைக்காவது விற்றால் அவர் பெயரிலிருந்தே நேராக மாற்றிக்கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அதுவரை அந்த வண்டியை நானோ என் தம்பி மகனோ ஓட்டிப்போய் யார்மீதாவது மோதியிருந்தால்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: வண்டி கைமாறியிருந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. பத்தாயிரத்துக்கு வண்டியை விற்றவர் பல லட்சத்துக்குப் பொறுப்பாளியாகியிருப்பார். அந்தத் தீர்ப்புச் செய்தியைப் படித்தபிறகுதான் பெயரை மாற்றினேன். அதையும் அவருக்கு இரங்கிச் செய்தேன் என்று சொல்லமுடியாது. விவகாரம் என்று வந்தால் என் பெயரும் கெடும் என்ற பயம்தான்.

வாங்கிய வண்டியை என்ன செய்தேன்? அழகாக்கினேன். கையில் மிச்சமிருந்த 25,000 அதில்தான் போனது. கேரியரைக் கழற்றி எடைக்குப் போட்டேன். கேன் உரசி உரசிப் பெயிண்ட் போன இடங்களை டிங்கரிங் செய்து, தேய்த்து, புதுச் சிவப்பு அடித்தேன். மட்கார்டுக்கும் சைலன்சருக்கும் புதுக் குரோம். சீட்டை மாற்றினேன். கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஊரே பார்த்தது.

அது இன்னொரு விதமான அறியாமை என்று பிறகுதான் தெரிந்தது. மெருகேற்றிய வண்டியைவிடத் தொழிற்சாலைப் பெயிண்டோடு வயதான வண்டிக்கே உலகச் சந்தையில் இப்போது மதிப்பு. புதுப் பெயிண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். முதல் பெயிண்ட் போனால் போனதுதான். சந்தைக் கணக்கை விடுங்கள். அந்த வண்டியைச் சேகரிக்கத் தகுந்ததாக ஆக்கியது எது? ஜப்பான் முத்திரை ஒரு பங்கு. மறு பங்கு அந்தக் கேன் தழும்புகள். 100 சி.சி. அனுமதி என்று டெல்லியில் எழுதிய கோப்பு, காவிரிப் படுகையில் ஒரு குடும்பத்தின் பால் கணக்காக மாறிய கதைக்கு அவைதான் சாட்சி. அந்தச் சாட்சியைக் காசு கொடுத்து அழித்துவிட்டு, வரலாற்றைக் காப்பாற்றுகிறேன் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சங்கிலி விஷயம் வீட்டில் தெரிந்தபோது நான் சொன்ன பதில் அதைவிட மோசம். திருப்பனந்தாளில் பிறந்தவர்களுக்குக் குங்கிலியக் கலய நாயனார் கதை தாய்ப்பாலோடு வருவது. திருக்கடவூர்க்காரர். சாமிக்குக் குங்கிலியப் புகை போடுவதே தொண்டு. வீட்டில் பிள்ளைகள் பசியோடு கிடக்க, அரிசி வாங்கி வரச் சொல்லி மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்தார். அவர் வழியில் குங்கிலியப் பொதியைக் கண்டதும் அதை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அப்புறம் இங்கே வந்துதான், தாடகை என்ற பக்தைக்காகத் தலைசாய்த்த சிவலிங்கத்தை, மன்னனின் யானைகளுக்கே நிமிராததைக் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார். அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, "கலயர் தாலியையே வித்தாரு, நான் சங்கிலியத்தான் அடகு வெச்சேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அவர் வாங்குன புகையச் சாமிக்குப் போட்டாரு. நீங்க வாங்குன புகை யாருக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது சங்கிலி மட்டும்தான் தெரியும். திண்ணையில் நடந்தது தெரியாது. தெரிந்திருந்தால் கேள்வி அதோடு நின்றிருக்காது.

என்னிடம் சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. முதல் சாக்கு: நான் வாங்காவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். உண்மைதான். ஆனால் 35,000 கொடுத்து வாங்கியிருந்தாலும் இரும்புக் கடைக்குப் போயிருக்காது. வண்டியைக் காப்பாற்ற அவரை ஏமாற்ற வேண்டிய தேவை எங்கே இருந்தது? இரண்டாவது சாக்கு: சந்தை என்றால் அப்படித்தான், தெரிந்தவன் ஜெயிப்பான். ஏலத்தில் எதிரெதிரே இரண்டு வியாபாரிகள் நின்றால் அது சரி. அவர் என்னிடம் பேரம் பேசவில்லை. மதிப்புச் சொல்லச் சொன்னார். அந்த நிமிடமே நான் வாங்க வந்தவன் இல்லை, அவருக்காக எடைபோட வேண்டியவன். மூன்றாவது சாக்கு: அந்த மார்ச் கடைசியில் பழைய புகை விதிப்படி செய்த பி.எஸ். 3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவும், ஷோரூம்களில் பல ஆயிரம் தள்ளுபடியில் புது வண்டிகளை அள்ளிக் கொடுத்தார்கள். அவருடைய மகனும் ஒரு வண்டி எடுத்தான். "பாத்தியா, அவங்களுக்குப் புது வண்டியே வந்துட்டு" என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த வண்டி மாதத் தவணையில் வந்தது என்பதும், நான் பிடித்துக்கொண்ட 25,000 அதற்கு முன்பணமாகியிருக்கும் என்பதும் தெரிந்தேதான் சொல்லிக்கொண்டேன்.

சேகரிப்பு என்ற பழக்கத்தின்மேலும் கொஞ்சம் பழியைப் போட்டுப் பார்த்தேன். 2018-ல் ராயல் என்பீல்டு, கிளாசிக் 500 வண்டியில் பெகாசஸ் என்று ஒரு வகையைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கிய பிளையிங் ஃபிளீ வண்டியின் நினைவாக, உலகம் முழுவதற்கும் ஆயிரமே ஆயிரம். இந்தியாவுக்கு 250. இணையத்தில் 178 நொடியில் தீர்ந்தது. அப்படிப்பட்ட வண்டியை வாங்குவதில் ஒரு பாவமும் இல்லை. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒரே அளவு தெரியும். ஆனால் எனக்கு அதில் ஆசை வரவேயில்லை. அரியது என்று எண் போட்டே பிறக்கும் வண்டியில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? என்னை இழுத்தது கொட்டகைகளில் கிடக்கும் வண்டிதான், யாருக்கும் தெரியாத மதிப்பை நான் மட்டும் கண்டுகொள்ளும் அந்தக் கிறுகிறுப்புதான். நான் தேடியது வண்டியின் அருமையை மட்டுமல்ல, விற்பவரின் அறியாமையையும் சேர்த்து. இதை எழுதும்போதுதான் எனக்கே தெளிவாகிறது.

இப்போது அந்த யமஹாவை ஓட்டுவதும் குறைந்துவிட்டது. நின்றே கிடக்கும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் சீல் காய்ந்துபோகும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கை உள்ளே துருவாக்கும். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குக் குரோம் புள்ளி புள்ளியாகப் பூத்துவிடும். தினம் விடியற்காலையில் ஓடிய வரை அதற்கு இந்த நோய் எதுவும் இல்லை. போன வருடம் வந்த ஒருவர் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. அந்தத் தொகையை மட்டும் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

விற்றவர் இருக்கிறார். கடைத்தெருவில் பார்த்தால் தோளில் கிடக்கும் துண்டை இறக்கிக்கொண்டுதான் பேசுவார். பெயர் மாற்றும் நேரத்தில் மட்டும், "இவ்ளோ நாளா எம் பேர்லயா சார் இருந்துச்சு?" என்று கேட்டார். "வேலை மும்முரத்துல விட்டுப்போச்சு, ஐயா" என்றேன். இது முழுப் பொய். என் கணக்கில் இதுதான் ஒரே பொய்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வசதி இல்லாமல் இல்லை. கொடுத்தால் எதற்கு என்று கேட்பார். காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் அந்தத் துண்டு மறுபடி தோளிலிருந்து இறங்காது. இத்தனை காலமும் நான் பிடித்து வைத்திருப்பது 25,000 ரூபாயை அல்ல, அந்த மரியாதையை. அவர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை என்பது தெரிந்துதான் இதை இங்கே எழுதுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் மட்டும் இதைப் படிப்பார்கள். அது போதாது என்று தெரியும்.

என்னால் உடனே செய்ய முடிந்தது ஒன்றுதான்: நான் பதுக்கி வைத்ததைப் பொதுவில் போடுவது. உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டி நின்றால் விற்கும் முன் இதையெல்லாம் பாருங்கள். உற்பத்தி எந்த ஆண்டு நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆர்.எக்ஸ். 100, எஸ்டி ரோட்கிங் இரண்டும் 1996-ல் நின்றவை. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருந்தால் அதற்கு விலை உண்டு. சைலன்சர், டேங்க், கார்பரேட்டர், ஸ்பீடாமீட்டர் கம்பெனி கொடுத்ததாகவே இருந்தால் அதற்கு விலை உண்டு. ஆர்.சி. முதல் ஓனர் பெயரில் இருந்தால் உண்டு. வாங்கிய ரசீது, சாவியோடு வந்த டூல்ஸ் பை, சர்வீஸ் புத்தகம் கிடைத்தால் எடுத்து வையுங்கள், அவற்றுக்கும் உண்டு. விற்க வேண்டும் என்று கழுவிப் பெயிண்ட் அடிக்காதீர்கள், அழுக்கோடேயே காட்டுங்கள். டீசல் புல்லட் இருந்தால் ஓட்டைவண்டி என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். தொழிற்சாலையிலிருந்தே டீசல் எஞ்சினோடு விற்பனைக்கு வந்த மோட்டார்சைக்கிள்கள் உலகத்திலேயே மிகச் சில. பெயர் மாறியது பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் நிம்மதியாக இருங்கள்.

வாங்க வருகிறவர் குறைகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். ஒருவர் சொன்ன விலையை வைத்து முடிக்காதீர்கள், இரண்டு பேரிடம் கேளுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் நானாக இருந்தால், மூன்றாவது ஆளிடமும் கேளுங்கள்.